சம்பந்தி விருந்தும் 25,237 ரூபாய் பில்லும்

கேள்வி: மகளுக்கு நிச்சயம் முடிந்த மறுவாரம், சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு கோவையில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம். மொத்தம் 14 பேர். மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப்பில் பேசி, ஒரே டேபிள் வேண்டும் என்று சொல்லி, 5,000 ரூபாய் முன்பணமும் கட்டியிருந்தோம். போனால் எட்டுப் பேர் ஒரு பக்கம், ஆறு பேர் ஒரு பக்கம் என்று பிரித்து உட்காரவைத்தார்கள். சம்பந்தியம்மா ஒரு டேபிள், நான் ஒரு டேபிள். சூப் ஆறிப்போய் வந்தது. அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எங்கள் டேபிளுக்குப் பிரியாணி வந்தது, அப்போது மணி 9:50. இறால் வறுவல் இரண்டு பிளேட் கடைசி வரை வரவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் பில்லில் அதுவும் இருந்தது. கொடுவா மீன் ஒன்றுக்கு 3,740 ரூபாய், தண்ணீர் பாட்டில் ஒன்று 90 ரூபாய், அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். சம்பந்தி பக்கத்தில் இருக்கும்போது எதையும் கேட்க வாய் வரவில்லை. கட்டிவிட்டு வந்துவிட்டோம். மனசு ஆறவே இல்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா? பில் படம் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, கோவை

பதில்: முடியும். பணம் கட்டியதாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. சம்பந்தி முன்னால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்ய நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராது. அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

பில் படத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தேன். உணவுக்கு 21,850. அதன் கீழே ‘எஸ்.சி. 10%’ என்று 2,185. இரண்டையும் கூட்டி, அந்த 24,035-க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகமொத்தம் 25,237. முன்பணத்தைச் சரியாகக் கழித்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. விகிதத்திலும் தவறில்லை, சாதாரணமாக உணவகங்களுக்கு 5 சதவீதம்தான். அறை வாடகை மிக அதிகமான நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 வரும்.

தவறு அந்த ‘எஸ்.சி.’, அதாவது சர்வீஸ் சார்ஜ் போட்ட இடத்தில்தான் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் அரசு வரி அல்ல. அரசுக்கு அதில் ஒரு பைசா போவதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன: உணவகம் தானாகப் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதையும் உணவு விலையோடு கூட்டி ஜி.எஸ்.டி. போடக் கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம். இதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அந்த மாதமே தடை வாங்கின. ஆனால் 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. இருந்தாலும் உங்கள் கையில் இருக்கும் வலுவான பிடி இந்தத் தீர்ப்புதான். எனவே 2,185-ஐ மட்டும் கேட்காதீர்கள். அதன் மேல் போட்ட ஜி.எஸ்.டி. 109 ரூபாய் 25 காசையும் சேர்த்துக் கேளுங்கள்.

வராத இறாலுக்கு 1,280 ரூபாய் போட்டிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி.யோடு 1,344. இதில் பேச்சே தேவையில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதற்கு என்ன சாட்சி என்று கேட்டால், அவர்களுடைய கே.ஓ.டி.யை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டேபிளில் எழுதிக்கொண்டு போகும் ஆர்டர், சமையலறைக்குச் சீட்டாகப் போகும், அதுதான் கே.ஓ.டி. எந்த மணிக்கு எந்த ஆர்டர் போனது என்பது அதில் இருக்கும், ரத்து செய்திருந்தால் அதுவும் இருக்க வேண்டும். டேபிளுக்கு வராத பண்டம் பில்லுக்கு மட்டும் எப்படி வந்தது என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மீன் விஷயம் கொஞ்சம் சிக்கல். பில்லில் கொடுவாவுக்கு நேரே எண்ணிக்கை 17, விலை 220 என்று இருக்கிறது, பார்த்தீர்களா? 17 மீன் அல்ல, 17 நூறு கிராம். அதாவது 1 கிலோ 700 கிராம். மெனுவில் இப்படிப்பட்ட மீனுக்கு நேரே விலை இருக்காது, ‘ஏ.பி.எஸ்.’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். தலை, செதில், குடல் எல்லாம் சேர்ந்த பச்சை மீனின் எடைக்குத்தான் கணக்கு. தட்டில் வரும்போது அது கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். ஒழுங்கான இடங்களில் கேப்டன் (பரிமாறுபவர்களை மேற்பார்வை செய்பவர்) மீனைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டி, எடையும் விலையும் சொல்லி, சரி என்ற பிறகுதான் அடுப்பில் போடச் சொல்வார். உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை என்றால் அதை எழுதுங்கள். அளவையும் விலையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. ஆனால் மீன் வந்தது, சாப்பிட்டீர்கள் என்பதால் முழுப் பணமும் திரும்பும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

தண்ணீர் பாட்டிலை விட்டுவிடுங்கள். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்றால் குற்றம் என்பது கடைக்குத்தான். உட்காரவைத்துப் பரிமாறும் உணவகத்துக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இனிமேல் உட்கார்ந்தவுடன் ‘சாதாரண தண்ணீர் போதும், பாட்டில் திறக்காதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.

சுவை பிடிக்கவில்லை, சூப் ஆறியிருந்தது என்பதற்குச் சாப்பிட்டு முடித்த பிறகு பணம் கேட்பது கடினம். முதல் வாயிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் பேசியிருக்கலாம். (மீன் கெட்டிருந்தது, யாருக்காவது வயிறு கெட்டது என்றால் கதையே வேறு. உடனே உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு, பில்லில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணோடு புகார் அனுப்ப வேண்டும்.) ஆனால் ஒரே டேபிள் என்று முன்பணம் வாங்கிவிட்டுப் பிரித்து உட்காரவைத்ததும், ஒரு டேபிள் சாப்பிட்டு முடியும் வரை இன்னொன்றைக் காக்கவைத்ததும் சேவைக் குறைபாடு. வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரே டேபிள் கேட்டதற்கு அவர்கள் ‘ஓகே’ என்று போட்டிருந்தாலே போதும். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

முதலில் உணவகத்துக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். தேதி, பில் எண், முன்பண ரசீது, பில் படம். கோபமாக நாலு பக்கம் எழுத வேண்டாம். ‘சர்வீஸ் சார்ஜும் அதன் ஜி.எஸ்.டி.யும் 2,294.25, வராத இறாலுக்கு 1,344, மொத்தம் 3,638.25 ரூபாயை 10 நாளுக்குள் திருப்புங்கள். டேபிள் பிரித்ததற்கும் தாமதத்துக்கும் பதில் சொல்லுங்கள்’ என்றால் போதும். புதிதாகத் திறந்த இடம், பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் அக்கறை இருக்கும்; பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பதில் வராவிட்டால் 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். சர்வீஸ் சார்ஜுக்கு மட்டும் மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாலாயிரத்துக்கும் குறைவான பணத்துக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். கடைசிப் படி வரை ஏறுவது உங்கள் விருப்பம், ஆனால் கடிதத்தையாவது கட்டாயம் அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே டேபிளில் இன்னொரு வீட்டு விருந்து நடக்கும்.

கல்யாணத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று முறை இப்படிச் சேர்ந்து சாப்பிடப் போவீர்கள். திறந்து ஓரிரு மாதம்கூட ஆகாத இடத்துக்கு இத்தனை பேரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்; முதலில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும் ஒரு மதியம் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். 14 பேர் 14 விதமாகச் சொன்னால் பழகிய சமையலறையே திணறும். அதனால் ஆறேழு பண்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து முதல் நாளே எழுதி அனுப்பிவிடுங்கள். அப்புறம், உள்ளே போனதும் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு, ‘பில்லை டேபிளுக்குக் கொண்டுவர வேண்டாம், நானே கவுண்டருக்கு வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். ஐஸ்கிரீம் வரும் நேரத்தில் எழுந்து போய், சம்பந்தி கண்ணில் படாமல் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் பார்க்கலாம், வேண்டாததை அங்கேயே எடுக்கச் சொல்லலாம்.

கேள்வி: நண்பர்கள் 20 பேருக்கு பஃபே சொல்லியிருந்தோம், ஆளுக்கு 899. வந்தது 16 பேர். 20 பேருக்கும் பணம் வாங்கிவிட்டார்கள். இது நியாயமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சொல்லும்போதே ‘குறைந்தது 20 பேருக்குக் கட்ட வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லியிருந்தால் நியாயம்தான், அவர்கள் 20 பேருக்குச் சமைத்திருப்பார்கள். பில் நேரத்தில்தான் முதல்முறையாகச் சொன்னார்கள் என்றால், நாலு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டு மேலே சொன்ன மாதிரியே எழுதுங்கள். அடுத்த முறை 16 என்றே சொல்லி வையுங்கள். பஃபேயில் நாலு பேர் கூடுதலாக வந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள்.