இரண்டு ஐ-20, ஒரு வீட்டுப் பத்திரம்

கேள்வி: அக்கா, நான் பி.இ. ஈசிஇ முடித்தவள். சிப் வடிவமைப்பு படிக்க ஆசை. எலெக்ட்ரிக்கல் எம்.எஸ்.-க்கு அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட், பஃபலோ பல்கலைக்கழகங்கள் இரண்டிலிருந்தும் ஐ-20 (மாணவர் விசாவுக்கான சேர்க்கைப் படிவம்) வந்துவிட்டது. உதவித்தொகை எதுவும் இல்லை. பஃபலோ என்றால் கல்விக் கடனும் அப்பாவின் சேமிப்பும் போதும். அரிசோனாவுக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. எதற்குப் போவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டு ஐ-20-ஐயும் பக்கம் பக்கமாக வைத்துப் பாரம்மா. செலவுக் கணக்கின் தலைப்பிலேயே அது எத்தனை மாதத்துக்கு என்று ஓர் எண் இருக்கும். ஒரு பல்கலைக்கழகம் 9 மாதத்துக்குப் போடும், இன்னொன்று 12 மாதத்துக்குப் போடும். அடியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கோடை மாதங்களின் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து, பட்டம் வாங்கும்வரை ஆகும் செலவைக் கணக்கிடு. அப்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

சிப் துறையில் அரிசோனாவுக்கு இருக்கும் பலம் நிஜம். அரிசோனா ஸ்டேட்டின் டெம்பி வளாகத்துக்குப் பக்கத்து ஊர் சாண்ட்லரில் இன்டெல், ஃபீனிக்ஸ் நகரின் வடக்குப் பகுதியில் தைவான் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி. ஆனால் அங்கே பெரிதாக நடப்பது உற்பத்தி. வடிவமைப்பு வேலை கலிஃபோர்னியா, டெக்சஸ் என்று பரவிக் கிடக்கிறது. எங்கே படித்தாலும் பெட்டியைக் கட்டத்தான் வேண்டியிருக்கும்.

நான் படித்தது வேறோர் இடத்தில். அனலாக் வடிவமைப்புப் பாடத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். போய்ச் சேர்ந்தால், பேராசிரியர் நீண்ட விடுப்பில். பட்டியலில் பாடம் இருந்தது, வகுப்பு நடக்கவில்லை. இன்றும் அது எனக்கு ஆறவில்லை. அதனால் இரண்டு துறை அலுவலகங்களுக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்பு: வரும் ஃபால், ஸ்பிரிங் பருவங்களில் எந்தெந்த விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) பாடங்கள் நிச்சயம் நடக்கும்?

சரி, வீட்டுப் பத்திரத்துக்கு வருவோம். இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் பிரிவு) என்பதால் 12 மாத ஓபிடி (படித்து முடித்தபின் அங்கே வேலை பார்க்கும் அனுமதி), அப்புறம் 24 மாத நீட்டிப்பு என்ற விதி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. என் அறைத்தோழி காலண்டரில் ஒவ்வொரு நாளாகச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தாள். எழுபதைத் தாண்டியதும் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். அவள் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. கடைசியில், படிப்புக்குச் சம்பந்தம் குறைந்த ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டாள்.

கணக்குப் போட்ட பிறகு, வீட்டைத் தொடாமலே அரிசோனா முடியும் என்றால் தாராளமாகப் போ. பத்திரத்தை வைத்தே ஆக வேண்டும் என்றால் பஃபலோதான். ஆனால் நீ கேட்ட பாடங்கள் அங்கே நடக்க வேண்டும்.

ஒவ்வொரு ஐ-20-இலும் செவிஸ் எண் (அமெரிக்க அரசின் மாணவர் பதிவு எண்) வேறு. ஆகவே 350 டாலர் செவிஸ் கட்டணத்தை முடிவெடுத்த பிறகு கட்டு. பஃபலோ என்றால் குளிர் கோட்டை இங்கே வாங்காதே. ஈரி ஏரியிலிருந்து வரும் பனிக்கு நம் ஊர் ஜெர்கின் தாங்காது, அங்கே போய் வாங்கிக்கொள்.