கேள்வி பதில்: அக்டோபரிலேயே ஸ்டார் தொங்குகிறதே?

பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடம் ஃபேன்சி ஸ்டோர் நடத்தியவன் நான். கடைகள் கிறிஸ்துமஸ் வியாபாரத்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றன என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராயபுரம் வாசகி: தீபாவளி வெடிக் குப்பையைக்கூட அள்ளவில்லை, எதிர்க்கடையில் ஸ்டார் தொங்குகிறது. என்ன அவசரம்?

தீபாவளி எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள் அம்மா. 2023-ல் நவம்பர் 12. கிறிஸ்துமஸுக்கு 43 நாள்தான். 2025-ல் அக்டோபர் 20, 66 நாள். அத்தனை நாள் முகப்பைக் காலியாக விட்டால் வாடகையை யார் கொடுப்பது?

அப்புறம் மழை. 2015-லும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, டிசம்பர் முதல் வாரத்தில்தான் ஊர் மூழ்கியது. எங்களுக்குக் கல்லா நிறைய வேண்டிய வாரம் அது. 2015-ல் கீழ்த்தட்டில் வைத்திருந்த பேப்பர் ஸ்டார் 4 டஜன் ஊறிப்போனது. மடிப்பைப் பிரிக்கப் போனால் சிவப்புச் சாயம் முழங்கை வரை வழிந்தது. அதிலிருந்து பாதிச் சரக்கை நவம்பரிலேயே தள்ளிவிடுவேன்.

மூன்றாவது, கடன். பாரிமுனை மொத்தக் கடைக்கு அக்டோபரில் போனால் டிசைன் பொறுக்கலாம், தவணையும் கிடைக்கும். டிசம்பரில் போனால் வெளியூர்க்காரர்கள் கழித்துப் போட்டதுதான், அதுவும் ரொக்கத்துக்கு.

கொருக்குப்பேட்டை: முன்னாடியே வாங்கினால் விலை குறையுமா?

குறையாது. 24-ந்தேதி ராத்திரிதான் குறையும், அப்போது நல்லது இருக்காது. எப்போது வாங்கினாலும் சீரியல் செட்டைக் கடையிலேயே 10 நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள்.

பெரம்பூர்: கேக்குக்குப் பழம் எப்போது ஊறப்போட வேண்டும்?

என் துறை இல்லை. உங்கள் பக்கத்திலேயே ஆங்கிலோ இந்தியப் பாட்டிகள் இருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை: டிசம்பரில் எம்.சி. ரோட்டில் துணி எடுத்தால் தைத்து வாங்க முடியுமா?

பொங்கலுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காசிமேடு: திருவருகைக் காலம் தொடங்கும் முன்னே ஸ்டார் போடுவது முறையா?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நாலாவது ஞாயிறுதான் தொடக்கம். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் விழும்; 2025-ல் நவம்பர் 30. வீட்டில் அதுவரை பொறுங்கள், நல்லது. கடையும் பொறுத்தால் அன்றைக்கு நீங்கள் எங்கே போய் வாங்குவீர்கள்?

வியாசர்பாடி: வியாபாரிக்காகப் பண்டிகையையே நகர்த்துவீர்கள் போலிருக்கிறது!

நாங்கள் நகர்த்தவில்லை ஐயா, நகர்த்தியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் முடிந்துதான் கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும். 1939-ல் நவம்பரின் கடைசி வியாழன் 30-ந்தேதி விழுந்தது. விற்க நாள் போதாது என்று வியாபாரிகள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் அந்த நாளையே 23-க்கு இழுத்துவிட்டார். பாதி மாநிலங்கள் முடியாது என்று பழைய தேதியிலேயே கொண்டாடின. கடைசியில் 1941-ல் நாலாவது வியாழன் என்று சட்டம் போட்டுத் தீர்த்தார்கள். அந்தக் கூத்துக்கு முன்னால் எங்கள் ஸ்டார் எம்மாத்திரம்?

எர்ணாவூர்: எங்கள் சபையில் ஸ்டாரே கட்டமாட்டோம்.

உங்களுக்குச் செலவு மிச்சம், எனக்கு ஒரு வாடிக்கையாளர் நஷ்டம்.

காசிமேடு மறுபடியும்: ஸ்டாரை விடுங்கள். நவம்பரிலேயே ஸ்பீக்கரில் பாட்டு?

அதில் நான் உங்கள் கட்சி. சரக்கை முன்கூட்டி வைப்பது பிழைப்பு. பாட்டை முன்கூட்டிப் போடுவது தொல்லை. என் கடையில் டிசம்பர் 10-க்கு முன் போட்டதில்லை. இருந்தும் 20-ந்தேதிக்குள் கடைப் பையன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வான்.

திருவொற்றியூர்: ஏன் சார் இவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்கள்?

தீபாவளி, மழை, கடன். மேலே போய்ப் படியுங்கள்.

புது வண்ணாரப்பேட்டை: அக்டோபரிலேயே ஏன்...

மேலே.

எண்ணூர்: போன வருட ஸ்டாரை இந்த வருடமும் போடலாமா?

மடிப்பு ஓரம் கிழியாமல் இருந்தால் தாராளமாக. ஆனால் பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பைப் போடாதீர்கள், பேப்பர் கருகும். 5 வாட்ஸ் எல்இடி போதும். கூடவே சீரியல் செட்டும் வாங்குவதாக இருந்தால், எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.