லஞ்ச்லி என்ற சிறுவர் மதிய உணவுப் பெட்டியில் வரும் பானத்தில் காஃபின் உண்டா? அதில் 200 மில்லிகிராம் இருப்பதாகப் படித்தேன்; என் 8 வயது மகன் இரவில் தூங்குவதில்லை.

இல்லை. யூடியூப் பிரபலங்களான லோகன் பால், கேஎஸ்ஐ, மிஸ்டர்பீஸ்ட் மூவரும் 2024இல் அமெரிக்காவில் இறக்கிய லஞ்ச்லியில் இருப்பது பிரைம் ஹைட்ரேஷன் என்ற காஃபின் இல்லாத பானம். உங்கள் 8 வயது மகன் இரவில் தூங்காததற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் படித்த 200 மில்லிகிராம், பிரைம் எனர்ஜி என்ற வேறொரு பானத்தின் காஃபின் கணக்கு. 355 மில்லிலிட்டர் உலோக டப்பாவில் வருவது. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்! மூத்த பிள்ளைகள் வாங்கிய டப்பா இவன் கைக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் லேபிளிலேயே இருக்கும்.

பெட்டியிலுள்ள சாக்லேட்டில் இயல்பாகவே சொற்பக் காஃபின் உண்டு. மாலையில் அதைத் தவிர்த்துப் பார்க்கலாம்.

ஒன்று: காஃபின் இல்லை என்பதற்காகத் தினமும் கொடுத்துவிடாதீர்கள். பாலாடைக்கட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் உப்பு மிகுந்தவை. லேபிளில் சோடியத்தைப் பாருங்கள்.