டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம்: யாருக்கு, எப்போது?

டான்சில் அகற்றிய பின் வரும் ரத்தக்கசிவு பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

எட்டு வயது மகனுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். "ரத்தம் நிக்காது, யோசிச்சுக்கோ" என்கிறார் நாத்தனார். உண்மையா டாக்டர்? (ஓர் அம்மா, திருப்பூர்)

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை அம்மா. 2003-04இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் டான்சில் எடுத்த சுமார் 34,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு ரத்தம் வந்தது. அதை நிறுத்த மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்கள் 100க்கு ஒருவருக்கும் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழே 1.9 சதவீதம், உங்கள் மகன் வயதில் 3, பதினாறுக்கு மேல் 4.9. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நினைப்போம், கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஆனால் 15 கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே 1.2 லிட்டர் அளவுதான். அதனால் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும், வந்துவிட்டால் தாங்கும் சக்தியும் குறைவு.

எனக்கு 26 வயது. டான்சில் பக்கத்தில் இரண்டு முறை சீழ் கட்டி வடித்தார்கள். எனக்கு ரிஸ்க் கூடுதலா? (சென்னை)

கூடுதல்தான் தம்பி. டான்சிலுக்கும் பின்னாலுள்ள தசைக்கும் நடுவே மெல்லிய உறை உண்டு. சுலபமாகப் பிரிந்து வரும் இடம் அது. அடிக்கடி சீழ் பிடித்தால் அங்கே தழும்பு ஏறி இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தசையும் ரத்தக்குழாயும் காயப்படும். அதே கணக்கெடுப்பில், குறட்டை, மூச்சடைப்புக்காக எடுத்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு ரத்தம் வந்தது. சீழ்க்கட்டிக்காக எடுத்தவர்களில் 5.4. அதற்காக ஆபரேஷனைத் தவிர்க்க வேண்டியதில்லை, வீக்கம் முழுக்க வடிந்த பிறகு தேதி வாங்குங்கள். பி.பி. இருந்தால் முன்பே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கோப்ளேஷன் (உப்புநீரில் மின்சாரம் செலுத்தி, குறைந்த சூட்டில் டான்சிலை எடுப்பது) முறையில் ரத்தமே வராது என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

ஆபரேஷன் மேஜையில் ரத்தம் குறைவு என்பது சரி. வீட்டுக்குப் போன பிறகு வருவது வேறு கதை. முதலில் சொன்ன இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் சூடு வைக்காமல் கத்தியால் எடுத்து நூலால் கட்டியவர்களுக்குத்தான் மிகக் குறைவு. மின்சாரத்தால் சுட்டு எடுத்த முறைகளிலும் கோப்ளேஷனிலும் அதைப்போல மூன்று மடங்கு பேருக்கு ரத்தம் வந்தது. கருவியைவிட அதைப் பிடிக்கும் கை முக்கியம் என்பது என் கருத்து. குறட்டைக்காக மட்டும் என்றால், உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுக்கும் முறை உண்டு. அதில் ரத்தக்கசிவு குறைவு. கேட்டுப் பாருங்கள்.

ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம் பார்க்கும் பி.டி., சி.டி. டெஸ்ட் நார்மல். இனி பயமில்லையே?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அவை மிகப் பழைய, துல்லியம் குறைந்த சோதனைகள். ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான வான் வில்லிபிராண்ட் லேசாக இருந்தால் எல்லாமே நார்மலாக வரலாம். ரத்த உறைவுக் காரணி 13 குறைவாக இருப்பது வழக்கமான உறைதல் சோதனைகளில் தெரியவே தெரியாது. கிளான்ஸ்மன் என்ற பரம்பரை நோயில், ரத்தத்தை அடைக்க உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும், வேலைதான் செய்யாது. கடைசி இரண்டும் அரியவை. ஆனால் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் வர வாய்ப்பு அதிகம், நம் ஊரில் அதை மறந்துவிட முடியாது.

சோதனைச் சீட்டைவிட எனக்குப் பாட்டி சொல்லும் கதை உபயோகம். பல் பிடுங்கியபோது ராத்திரி முழுக்க ரத்தம் கசிந்ததா? தொப்புள்கொடி விழுந்தபோது, சுன்னத்தின்போது நிற்காமல் போனதா? அடிக்கடி மூக்கில் வருமா? அம்மாவுக்கு மாதவிடாய் மிக அதிகமா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அப்பா தினமும் ஆஸ்பிரின் போடுகிறார். அவருக்கும் டான்சில் எடுக்க வேண்டுமாம்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் நிறுத்துவதே ஆபத்தாகலாம். இதய மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் நாள். தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. சீழா?

காய்ச்சல் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் அது புண்மேல் படியும் பொருக்கு. சுரண்ட வேண்டாம். முறுக்கு, சிப்ஸ் வேண்டாம், குழைந்த சாதம் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடியுங்கள். வலிக்குப் பயந்து விழுங்காமல் இருந்தால் தொண்டை காய்ந்துவிடும்.

மகளுக்கு ஏழாம் நாள். காலையில் எச்சிலில் ரத்தம், ஐஸ் தண்ணீர் கொடுத்ததும் நின்றுவிட்டது. நாளை காட்டினால் போதுமா? (ஓர் அப்பா, மதுரை)

இப்போதே கிளம்புங்கள் ஐயா. முதல் 24 மணி நேரத்தில் வருவது ஒருவகை. ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள், பொருக்கு உதிரும்போது வருவதுதான் அதிகம். சின்னதாக வந்து நின்றதே பெரிய கசிவுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். மறுபடி மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். படுக்க வைக்காமல் முன்னால் குனிந்து உட்கார வையுங்கள், வந்தால் துப்பச் சொல்லுங்கள். முடிந்தால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி, தூரம் என்றால் பக்கத்தில் எமர்ஜென்சி இருக்கும் இடம். நிற்காமல் வந்தால் 108ஐ அழையுங்கள்.

மற்ற பெற்றோருக்கும் ஒன்று: தூக்கத்தில் குழந்தை திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அதேதான்.