ஒன்பது பேர், ஒரு தீவு, இரண்டு சாட்சிகள்
வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

கேள்வி: தீவில் நடக்கும் துப்பறியும் கதைகளில் படகு நின்றுவிடும், ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள், மிஞ்சியவர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழும். நிஜத்தில் இப்படி ஒரு வழக்கு உண்டா? (வாசகர், தூத்துக்குடி)

உண்டு. பசிபிக் கடலில், ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் ஃப்ளோரியானா என்ற தீவு. 1929-ல் பெர்லினிலிருந்து டாக்டர் ஃப்ரீட்ரிக் ரிட்டரும் அவருடைய துணை டோரே ஷ்ட்ராவும் அங்கே குடியேறினார்கள். 1932-ல் கொலோனிலிருந்து ஹைன்ஸ் விட்மர், கர்ப்பிணி மனைவி மார்கரெட், மகன் ஹாரி. அதே ஆண்டின் பிற்பகுதியில், தன்னைப் பாரோனஸ் (பிரபு குலச் சீமாட்டி) என்று சொல்லிக்கொண்ட எலோயீஸ் வாக்னர், லோரென்ஸ், ஃபிலிப்சன் என்ற இரு காதலர்களுடன் ஓட்டல் கட்டப்போவதாக வந்து இறங்கினார். 1933 ஜனவரியில் மார்கரெட்டுக்கு ரோல்ஃப் பிறந்தான். ஆக ஒன்பது பேர்.

1934 மார்ச் கடைசியில் பாரோனஸும் ஃபிலிப்சனும் மறைந்தார்கள். ஜூலையில் லோரென்ஸ் தீவை விட்டுக் கிளம்பினார். நவம்பரில் வேறொரு தீவில் பிணமாகக் கிடந்தார். அதே நவம்பரில் ரிட்டரும் கோழிக்கறி சாப்பிட்டு இறந்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை.

கேள்வி: பாரோனஸ் நண்பர்களின் உல்லாசப் படகில் தாஹிட்டிக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்களே, அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லையா? (வாசகி, மதுரை)

தீவு வழக்கில் முதலில் விசாரிக்க வேண்டியது ஆளை அல்ல, படகை. அதிலிருந்தே தொடங்குவோம்.

தாஹிட்டிப் பேச்சுக்கு மூலம் மார்கரெட் மட்டும்தான். மார்ச் 27-ல் பாரோனஸ் தன் வீட்டுக்கு வந்து பயணத்தைச் சொல்லிவிட்டுப் போனதாக அவர் எழுதியிருக்கிறார். படகைப் பார்த்தவர் எவருமில்லை. ஃப்ளோரியானாவில் கப்பல்கள் வழக்கமாக நங்கூரம் போடும் இடங்கள் வடக்கே போஸ்ட் ஆபீஸ் விரிகுடாவும் மேற்கே கறுப்பு மணல் கடற்கரையும். ரிட்டரின் தோட்டம் அந்த மேற்குக் கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான். அந்நாளில் அங்கே வந்த பணக்காரப் படகுகள் இந்த ‘ராபின்சன் குரூசோ’க்களைப் பார்க்கத்தான் வந்தன; வந்து சந்திக்காமல் திரும்புவது அபூர்வம்.

அடுத்து, கணக்கு. தாஹிட்டி 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால். பாய்மரப் படகு மணிக்கு ஐந்தாறு கடல்மைல் போனால் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எதிர்பாராமல் இரண்டு பேர் கூட ஏறினால், ஆளுக்குத் தினம் 3 லிட்டர் என்றாலும் 180 லிட்டர் நன்னீர் கூடுதலாக வேண்டும். வறட்சியில் கிடந்த ஃப்ளோரியானாவில் அதை நிரப்பிக்கொள்வது லேசான காரியம் அல்ல. அப்படியே போனார்கள் என்று வைத்துக்கொண்டாலும், போய்ச் சேர்ந்த துறைமுகம் ஒன்று இருக்க வேண்டும். இருவரும் எங்கேயும் கரையேறியதாகத் தகவல் இல்லை. பத்திரிகைகளின் கவனத்துக்காகவே வாழ்ந்த ஒரு பெண் அதன்பின் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தார் என்பதை நம்புவது கடினம். அவர் எங்கே போனாலும் கூடவே எடுத்துச்செல்லும் பொருட்கள் வீட்டிலேயே கிடந்ததாக டோரே சொல்கிறார்.

படகு வரவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கேள்வி: டோரே 1935-லும் மார்கரெட் 1959-லும் நினைவுக்குறிப்பு எழுதினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மோதுகின்றன. எதை நம்புவது? (வாசகர், சேலம்)

எதையும் முழுசாக நம்பவேண்டாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: சொன்ன விஷயம், கண்ணால் கண்டதா காதால் கேட்டதா, அதைச் சொல்வதால் சொன்னவருக்கு லாபமா நஷ்டமா, அடுத்தவரும் அதையே சொல்கிறாரா. இப்படி நிரப்பினாலே பாதி விஷயங்கள் உதிர்ந்துவிடும். பாரோனஸ் மறைந்த சமயத்தில் டோரே கேட்டதாகச் சொல்லும் அலறலுக்கு மார்கரெட் சாட்சி இல்லை. மார்கரெட் சொல்லும் தாஹிட்டிக்கு டோரே சாட்சி இல்லை. தேதிகளும் ஒத்துப்போகவில்லை.

பகையாளிகளான இந்த இரண்டு பெண்களும் ஒத்துச் சொல்பவைதான் கெட்டியான தரை: லோரென்ஸ் பாரோனஸின் வீட்டில் மட்டமாக நடத்தப்பட்டார், பாரோனஸோடு இரு குடும்பங்களுக்குமே பகை இருந்தது, அவர் மறைந்தபின் லோரென்ஸ் எப்படியாவது தீவை விட்டுப் போகத் துடித்தார். சந்தேகம் லோரென்ஸ் பக்கம் சாய்வது இதனால்தான். ஆனால் இரண்டு பேரை அவர் தனியாகச் சமாளித்தாரா என்ற கேள்வி வந்ததும், மிஞ்சியிருந்த பெரியவர்கள் நால்வருமே பேச்சில் பட்டும் படாமலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: லோரென்ஸ் போக நினைத்தது சான் கிறிஸ்டோபல் தீவுக்கு, அது கிழக்கே. பிணம் கிடைத்தது வடக்கே மார்ச்சேனாவில். கொன்று கொண்டுபோய்ப் போட்டார்களா? (வாசகர், குளச்சல்)

கடல்புரத்துக்காரர் கேட்கும் கேள்வி. கொலை தேவையில்லை, எஞ்சின் நின்றாலே போதும். நுகெருட் என்ற நார்வே மீனவரின் சிறு படகு 1934 ஜூலை 13 அன்று அதே தீவுக்கூட்டத்தின் சாந்தா குரூஸ் தீவிலிருந்து லோரென்ஸை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அந்த மாதங்களில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும், நீரோட்டமும் மேற்கு, வடமேற்காக இழுக்கும். எஞ்சினோ பாயோ இல்லாத படகு அந்தப் பக்கம்தான் ஒதுங்கும். மார்ச்சேனாவில் ஊற்று கிடையாது, ஆள் கிடையாது. வெறும் எரிமலைப் பாறையில் தண்ணீர் இல்லாமல் சில நாள்தான் தாங்கும். நுகெருட், லோரென்ஸ் இருவரின் உடல்களும் வறண்ட காற்றில் காய்ந்து கருவாடாய்க் கிடந்தன. படகும், கூடப்போன வேலையாளும் கிடைக்கவே இல்லை.

கேள்வி: ரிட்டர் மருத்துவர். கறியை நன்றாக வேகவைத்த பிறகும் விஷமாகுமா? டோரே விஷம் வைத்திருக்கலாம் அல்லவா? (செவிலியர், கோவை)

இந்த வழக்கில் விஞ்ஞானம் பேசக்கூடிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கெட்ட இறைச்சியைத் தின்று செத்த கோழிகளை வேகவைத்து ஜாடியில் அடைத்து வைத்ததாகச் சொல்லப்படுகிறது. அழுகிய இறைச்சியைத் தின்ற கோழி கழுத்துத் தொங்கிச் சாவது பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த நோய், பாட்டுலிசம் என்பார்கள். கோழிகளைத் தாக்கும் வகை மனிதரை அபூர்வமாகத்தான் தொடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஜாடிதான் முக்கியம். பாட்டுலிசத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரிக் கொதியில் சாகாது. பிரஷர் குக்கரின் 121 டிகிரி வேண்டும். வேகவைத்து, மேலே கொழுப்பு படிந்து, காற்றுப் புகாமல் மூடினால் வித்து முளைக்க அதைவிட வசதியான இடம் வேண்டாம். முளைத்தபின் சுரக்கும் நஞ்சு நேர்மாறானது: சாப்பிடும் முன் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் அழியும். லேசாகச் சூடுகாட்டினால் அழியாது. வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறவர் பாதிதான் சரி. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

நேரத்தையும் பாருங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியின் நஞ்சு என்றால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். பாட்டுலிசத்துக்குப் பொதுவாக 12 முதல் 36 மணி நேரம்: பார்வை இரண்டாகும், நாக்கு குழறும், விழுங்க வராது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். காய்ச்சல் இருக்காது, புத்தி தெளிவாகவே இருக்கும். ரிட்டர் கடைசியில் பேச முடியாமல் எழுதிக் காட்டினார் என்பது இதோடு பொருந்துகிறது. அவர் கடைசியாக எழுதியது டோரேக்கான சாபம் என்கிறார் மார்கரெட். அன்பாகவே பிரிந்தார் என்கிறார் டோரே. டோரேயும் சாப்பிட்டு லேசாகத்தான் நோய்ப்பட்டாராம். ஒரே ஜாடியில் நஞ்சு சமமாகப் பரவியிருக்காது என்பதால் அதுவும் நடக்கக்கூடியதே.

ஜாடியில் மிச்சமிருந்ததை யாராவது எடுத்து வைத்திருந்தால் ஆய்வுக்கூடத்தில் தீர்ந்திருக்கும். வைக்கவில்லை. விஷம் வைக்கவில்லை என்று இன்று நிரூபிக்க முடியாது. வைக்கத் தேவையே இருக்கவில்லை என்றுதான் சொல்லலாம்.

கேள்வி: ரிட்டரும் டோரேயும் ஒரே எஃகுப் பல்செட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்களாமே? (வாசகர், தஞ்சாவூர்)

ரிட்டர் தீவுக்குப் போகுமுன் பற்களைப் பிடுங்கிக்கொண்டார். பகிர்ந்துகொண்ட செட் கதையைப் பத்திரிகைகள் ருசித்து எழுதின. வழக்குக்கு அதனால் காலணா பயன் இல்லை.

கேள்வி: இதுபோல ஒரு தீவு மர்மக்கதை எழுதுகிறேன். எங்கே சறுக்குவேன்? (வாசகி, காரைக்கால்)

தண்ணீரில். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வறட்சியில் யார் யாரிடம் கையேந்த வேண்டும் என்று வரைபடம் போட்டுக்கொண்டு பிறகு கொலையை வையுங்கள். ஃப்ளோரியானாவில் பகை ஊற்றைச் சுற்றியும் வளர்ந்தது. அடுத்து, உடலை எங்கே ஒளிப்பது. எரிமலைத் தீவில் மண் மெல்லிசு, குழி வெட்டப் பாறைதான் கிடைக்கும். விறகும் வறட்சியில் அருமை. ஓர் உடலை முழுசாக எரிக்க நூற்றுக்கணக்கான கிலோ விறகு வேண்டும், புகை தீவு முழுக்கத் தெரியும். சுறா உள்ள கடல், பாறைப் பிளவு, இரண்டில் ஒன்றுக்கு வந்து நிற்பீர்கள். இரண்டுக்குமே உடலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உங்கள் கொலையாளிக்கு அந்த வலு உண்டா, இல்லையென்றால் கூடப் பிடித்தவர் யார் என்பதை முதல் அத்தியாயம் எழுதும்போதே தீர்மானித்துவிடுங்கள்.