பூட்டுக்கு எண்ணெயா, தூளா?

திருவான்மியூர் வாசகி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. வாசல் பூட்டில் சாவி திரும்ப மறுக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் சில நாள் சரியாகி, மறுபடியும் இறுகிவிடுகிறது.

பதில்: அந்த எண்ணெய்தான் காரணம், அம்மா. நாளடைவில் அது சிக்குப் பிடித்து, தெருப் புழுதியையும் கடற்காற்றின் உப்பையும் சேர்த்து அப்பிக்கொள்கிறது. பூட்டின் உருளைக்குள் சின்னச் சின்னப் பித்தளை ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மெல்லிய சுருள்வில். சாவி அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். ஓர் ஊசி அழுக்கில் மாட்டினாலும் போதும், சாவி அசையாது. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேட்டு வாங்கித் துளைக்குள் அடியுங்கள். சாவியைப் போட்டு எடுத்துத் துணியில் துடையுங்கள்; கறுப்பு வருவது நிற்கும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின், பென்சில் முனையில் இருக்கும் கரும்பொருளான கிராஃபைட்டின் தூளைச் சிட்டிகை ஊதுங்கள். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் தூள் சேறாகிவிடும்.

அம்பத்தூர் வாசகர்: டபிள்யூடி-40 மட்டும் போதாதா?

பதில்: 1953இல் சான் டியாகோவில், ஏவுகணை பாகங்களில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமலிருக்க உருவாக்கிய திரவம் அது. துருவை இளக்கும். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். நெடுநாளைக்கு நம்பாதீர்கள்.

மயிலாப்பூர் வாசகர்: தேக்குக் கதவின் கீல் கிறீச்சிடுகிறது. அதற்கும் கிராஃபைட்தானா?

பதில்: கூடாது, மரத்தில் கறை படியும். கதவின் பாரம் முழுவதும் கீலில் தொங்குகிறது. அதற்குக் கிரீஸ்தான் ஏற்றது. கீல் ஆணியை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள், மொத்தமாக உருவினால் கதவு சாய்ந்துவிடும். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவிச் செருகுங்கள். ஆணி கழலாத பழைய கீல் என்றால் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கதவை ஆட்டினால் உள்ளே இறங்கும்.

வேளச்சேரி வாசகி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் படுக்கையறைக் கதவு நிலையில் சிக்குகிறது.

பதில்: மரம் ஈரம் குடித்து ஊதுகிறது, எண்ணெய்க்கு இங்கே வேலையில்லை. உரசும் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். தச்சர் இப்போதே இழைக்கிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். கோடையில் மரம் சுருங்கிச் சந்து விழும். மழை ஓய்ந்து மரம் உலர்ந்ததும், கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டையும்தான் விட்டுவிடுகிறார்கள்.

அண்ணா நகர் வாசகர்: கைரேகைப் பூட்டுக்கு?

பதில்: கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும்; அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.