கண்ணாடி முன் ஹீத்கிளிஃப்

வணக்கம் அக்கா,

எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலை வைத்து ஆண்ட்ரியா ஆர்னால்டு 2011-இல் எடுத்த படத்தை இப்போதுதான் பார்த்தேன். கதாநாயகன் ஹீத்கிளிஃபாகக் கறுப்பின நடிகர்கள். 1939 படத்தில் வெள்ளை நடிகர் லாரன்ஸ் ஒலிவியே நடித்தது போதாதா? பன்முகத்தன்மை என்ற பெயரில் செவ்வியல் நாவலில் நிறத்தைத் திணிக்கலாமா? நல்ல நடிகராக இருந்தால் போதும்தானே? பின்னணி இசையே இல்லாமல் எடுத்தது சரியா?

சு.

அன்புள்ள தம்பி,

இசை கிடக்கட்டும். 'திணிப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் ரெண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாவலைப் படித்தீர்களா, படங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறீர்களா?

நாவல் வந்தது 1847-இல். பண்ணைவீட்டுக்காரர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போய், தெருவில் அநாதையாகத் திரிந்த பையனை மேலங்கிக்குள் சுருட்டி எடுத்துவருகிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். கரிய பையன். யாருக்கும் புரியாத பாஷை பேசுகிறான். வீட்டில் அவனை 'அது' என்கிறார்கள். லஸ்கராக இருக்குமோ என்கிறார் அக்கம்பக்கத்துப் பணக்காரர் லிண்டன். லஸ்கர் என்றால் வெள்ளைக்காரன் கப்பலில் வேலை பார்த்த நம் பக்கத்து மாலுமி. லிவர்பூலோ கதை நடக்கும் காலத்தில், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டில், அடிமை வியாபாரத் துறைமுகம். என்ன இனம் என்று பிராண்டி கடைசிவரை சொல்லவில்லை, சரி. ஆனால் அவன் நிறம் வேறு என்பதை பலர் வாயாலும் சொல்லவைக்கிறார். அப்படியானால் நாவலை மாற்றியது யார்? ஒலிவியேவைப் போட்டவர்கள். அதைத் திணிப்பு என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லையே, ஏன்?

இதே நாவலை வைத்து வந்த 2026 படத்தைப் பாருங்கள். ஹீத்கிளிஃப், வெள்ளை நடிகர் ஜேக்கப் எலோர்டி. நாவலில் வெளுத்த நிறமுள்ள, லிண்டனின் மகன் எட்கராக பாகிஸ்தானிய வம்சாவளி ஷஜாத் லத்தீஃப். வாய்ப்பு கொடுத்தாயிற்று, கதையிலிருந்த முள்ளைப் பிடுங்கியாயிற்று. இதையும் நான் ஏற்கமாட்டேன்.

நல்ல நடிகராக இருந்தால் போதும் என்கிறீர்கள். எட்டாம் வகுப்பு ஆண்டுவிழாவில் கண்ணகி நாடகம். வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். ஒத்திகையில் 'தேரா மன்னா' என்று நான் கத்தினால் வராண்டாவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். விழாவுக்கு நாலு நாள் முன்பு டீச்சர் என் கன்னத்தைத் தொட்டு, "உனக்கு மேக்கப் நிக்காதுடா கண்ணு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கண்ணகி சிவப்பான ஒரு பிள்ளைக்குப் போய்விட்டாள். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தேன். அவள் திணறினாள், நான் முணுமுணுத்தேன், அவள் திருப்பிச் சொன்னாள், கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி முன் நின்று பவுடரை அப்பிக்கொண்டேன். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது முகம்.

ஏழாம் அத்தியாயத்தில் ஹீத்கிளிஃப், எட்கரைப் போல வெளுத்த முடியும் வெள்ளைத் தோலும் தனக்கு இருக்கக்கூடாதா என்று ஏங்குகிறான். வீட்டு வேலைக்காரி நெல்லி அவனைக் கண்ணாடி முன் கூட்டிப்போகிறாள். கல்லூரியில் அந்த இடம் வந்ததும் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன் தம்பி. ஒலிவியேயின் முகத்தை அந்தக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். அவன் எதற்காக ஏங்குகிறான் என்று உங்களுக்குப் புரியுமா?

அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அக்கா